அலுமினியத்தை ஒட்ட எந்தக் கம்பி? வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தம்பி ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். மோட்டாரின் பக்கவாட்டில் குலை வெட்டும் அலுமினியக் கம்பைக் கட்டியிருந்தார். இரண்டு குழாய்களை இணைக்கும் இடத்தில், கிளிப்பின் ஓரமாக, முடி போன்ற ஒரு விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. கையில் ஒரு சிறு பொட்டலம். அதில் வெள்ளி நிறத்தில் பத்துப் பன்னிரண்டு கம்பிகள்.

"அண்ணே, வெல்டிங் வேண்டாம், செலவு ஜாஸ்தி. இந்தக் கம்பிய ஆன்லைன்ல வாங்கினேன். சின்ன கேஸ் டார்ச் போதுமாம். வீடியோவுல குளிர்பான டின்னையே ஒட்டிக் காட்டுறாங்க. நீங்க சூடு காட்டி ஒட்டிக் குடுத்துடுங்க."

நான் முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். வெட்டுகிற எடைக்குத்தான் கூலி. கம்பு இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, ஏன் முடியாது என்று அரை மணி நேரம் பேசினேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏணி, மோட்டார் எஞ்சின், ஏர்கோன் குழாய், கதவுச் சட்டம், சமையல் குண்டான் என்று வீட்டிலும் தோட்டத்திலும் அலுமினியம் இல்லாத இடமில்லை. எல்லாவற்றையும் ஒரே பொட்டலக் கம்பியால் ஒட்டிவிடலாம் என்று நம்புவதுதான் ஆபத்து.

அலுமினியம் ஏன் அடம் பிடிக்கிறது?

இரும்பை ஒட்டிப் பழகியவர்கள் அலுமினியத்திடம் முதலில் தோற்பதற்குக் காரணம் அதன் மேல்தோல். அலுமினியத்தைச் சுரண்டிய மறுகணமே காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுவிடும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகிவிட்டாலும் மேலே தோல் அப்படியே நிற்கும். நீங்கள் வைக்கும் கம்பி உருகி, தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். ஒட்டாது. அலுமினியத்தை இணைக்கும் எந்த முறையும் இந்தத் தோலைக் கிழிக்கும் முறைதான். சுரண்டிக் கிழிக்கலாம், ரசாயனத்தால் கரைக்கலாம், மின்சாரத்தால் உடைக்கலாம்.

நகைப் பட்டறை தெரிந்தவர்கள் "வெண்காரம் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். தங்கத்துக்கும் பித்தளைக்கும் அது சரி. ஆனால் வெண்காரம் உருகுவதற்கே 740 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்குள் உங்கள் அலுமினியம் உருகித் தரையில் கிடக்கும்.

இன்னொரு தொல்லை, அலுமினியம் சூடாவதைக் காட்டிக்கொள்ளாது. இரும்பு சிவக்கும், பிறகு மஞ்சளாகும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் நின்று, திடீரென்று ஒரு மூலை சரிந்து விழும். பழைய பட்டறைக்காரர்கள் சோப்புக் கட்டியால் அதன்மேல் ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கோடு கறுக்க ஆரம்பித்தால் நல்ல சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்றும் நான் அதைச் செய்கிறேன்.

சூட்டைக் கடத்துவதிலும் அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வேகம். ஓர் இடத்தில் காட்டும் சூடு பொருள் முழுக்கப் பரவிப் போய்விடும். வீடியோவில் ஒரு டின்னை ஒட்டும் சின்ன டார்ச், மோட்டார் எஞ்சின் கேஸைச் சூடாக்கவே முடியாமல் திணறுவது இதனால்தான்.

பொட்டலக் கம்பி எதற்கு உதவும்?

450 டிகிரிக்குக் கீழே உருகும் கம்பியால் ஒட்டினால் அது சால்டரிங். அதற்கு மேலே உருகும் கம்பியாக இருந்து, பொருள் மட்டும் உருகாமல் இருந்தால் பிரேசிங். பொருளே உருகிக் கம்பியோடு கலந்தால் வெல்டிங். பெயர்கள் அவ்வளவுதான்.

ஆன்லைனிலும் பாசார் மாலாமிலும் விற்கும் "மந்திரக் கம்பி" பெரும்பாலும் துத்தநாகமும் கொஞ்சம் அலுமினியமும் கலந்தது. இந்தக் கலவை 380, 390 டிகிரி அளவிலேயே உருகிவிடும். பிளக்ஸ் தேவையில்லை என்று விளம்பரம் செய்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் பிளக்ஸ் செய்யும் வேலையை உங்கள் கை செய்யவேண்டும். பொருளைச் சூடாக்கி, கம்பியை அதன்மேல் தேய்த்து உருக்கி, உருகிய குட்டைக்குள் துருப்பிடிக்காத எஃகு பிரஷால் அல்லது எஃகுக் கம்பியால் அடிவரை சுரண்டவேண்டும். அப்போதுதான் தோல் கிழிந்து உலோகத்தோடு உலோகம் சேரும். டார்ச் நெருப்பைக் கம்பிமேல் காட்டி உருக்கிச் சொட்டவிட்டால், மேலே பார்க்க ஒட்டினாற்போல் இருக்கும். நகத்தால் நெம்பினால் அப்படியே பெயர்ந்து வரும். பொருளின் சூட்டில்தான் கம்பி உருகவேண்டும், நெருப்பில் அல்ல. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பொட்டலக் கம்பி வாங்கிய காசுக்கு வேலை செய்யும்.

எதற்கு வைக்கலாம்? படகின் மேற்கூரைச் சட்டத்தில் ஒரு ஓட்டை, பூந்தொட்டித் தாங்கி, கூண்டு, அழுத்தம் இல்லாத தண்ணீர்த் தட்டு, ஸ்குரூ மரை தேய்ந்துபோன ஒரு மூடி. இவற்றுக்குத் தாராளமாக வைக்கலாம். நானே வைத்திருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். துத்தநாகமும் அலுமினியமும் உப்புக் காற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் துத்தநாகம் முதலில் அரிக்கும். அந்த ஒட்டு காலத்துக்கும் நிற்காது. மேலே சாயம் பூசி வையுங்கள்.

சமையல் பாத்திரத்துக்கு இந்தக் கம்பி வேண்டவே வேண்டாம். நம் சமையலில் புளி இல்லாத நாள் உண்டா? புளி, எலுமிச்சை, தக்காளி எல்லாம் துத்தநாகத்தைக் கரைத்து இழுக்கும். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் புளிப்பான உணவை வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்தது மருத்துவர்கள் அறிந்த பழைய விஷயம். கோவில் அன்னதானக் குண்டானில் ஓட்டை விழுந்தால், ஒட்ட முடியும். ஆனால் அது டிக் வெல்டிங் வேலை. சுத்த அலுமினியப் பாத்திரத்துக்கு 1100 எண் கம்பி அல்லது 4043 கம்பி போதும். உள்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கழுவிக் கொடுக்கவேண்டும். பிரஷர் குக்கரை மட்டும் எந்தக் கம்பியாலும் யாரும் தொடாதீர்கள். அது பாத்திரமல்ல, அழுத்தக் கலன். விரிசல் விட்ட குக்கர் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியதுதான்.

அந்தத் தம்பியின் கம்பு

இப்போது கதைக்கு வருகிறேன். குலை வெட்டும் கம்பு, நல்ல ஏணி, இவையெல்லாம் பெரும்பாலும் 6000 வரிசை அலுமினியம். மெக்னீசியமும் சிலிக்கனும் கொஞ்சம் சேர்த்து, குழாயாக இழுத்து, பிறகு சூளையில் வைத்துச் சூட்டுப் பதம் கொடுத்தது. அந்தப் பதத்தில்தான் அதன் வலிமை இருக்கிறது. பதம் கொடுக்கும் கடைசிக் கட்டத்தின் சூடு 160, 180 டிகிரி அளவுதான். அதே இடத்தில் நாம் 390 டிகிரி சூடு காட்டினால் என்ன ஆகும்? கொடுத்த பதம் கலைந்துபோகும். துத்தநாகக் கம்பி பலமா பலவீனமா என்பது இரண்டாவது கேள்வி. ஒட்டும் சூடே கம்பைப் பிஞ்சாக்கிவிடும்.

சரி, காசு போனால் போகட்டும், முறையாக டிக் வெல்டிங் செய்தால்? அதிலும் இதே கதைதான். 6061 என்ற கலவை டி6 பதத்தில் 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும். வெல்டிங் செய்தபின் ஒட்டின் ஓரத்தில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், காசு அடுக்கியதுபோல் வரி வரியாக இருந்தாலும், ஒட்டுக்குப் பக்கத்தில் அரை அங்குலம் தள்ளி உலோகம் மிருதுவாகத்தான் இருக்கும். கம்பு உடைந்தால் அங்கேதான் உடையும். பழைய பலம் திரும்ப வேண்டுமென்றால் முழுக் கம்பையும் 530 டிகிரி சூளையில் வைத்து, தண்ணீரில் தணித்து, மறுபடி பதம் ஏற்றவேண்டும். எந்தப் பட்டறையில் அப்படி நீளமான சூளை இருக்கிறது?

அந்தக் கம்பின் நுனியில் அரிவாள் இருக்கிறது. மேலே இருபது கிலோவுக்கும் அதிகமான குலை இருக்கிறது. கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். அதனால்தான் முடியாது என்றேன்.

விரிசல் விட்ட பகுதியைக் கிளிப்போடு சேர்த்து வெட்டி எடுத்தேன். சூடு காட்டாமல், ரம்பத்தால். வெட்டிய முனையை அரத்தால் மழுங்கவைத்து, நல்ல பகுதியில் புதுக் கிளிப் மாட்டிக் கொடுத்தேன். கம்பு ஒரு முழத்துக்குமேல் குட்டையாகிவிட்டது. உயரம் குறைந்த மரங்கள் உள்ள லாட்டுக்கு அது போதும் என்று அவரே சொன்னார். உயரமான மரத்துக்கு வேறு கம்பு வாங்கத்தான் வேண்டும். அது முதலாளி கொடுக்கவேண்டிய கருவியா, தொழிலாளி வாங்கவேண்டியதா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் பழைய சண்டை. அதற்குள் நான் போகவில்லை.

ஏணிக்கும் இதே பதில். மோட்டார் ஸ்போர்ட் ரிம்முக்கும் இதே பதில். ரிம்மை ஒட்டிக் கொடுக்கும் கடைகள் இருப்பது எனக்குத் தெரியும். என் பிள்ளை ஓட்டும் மோட்டாருக்கு நான் அப்படிச் செய்யமாட்டேன், அதனால் உங்கள் பிள்ளைக்கும் செய்யமாட்டேன். தைப்பூசக் காவடிக்குச் சட்டம் செய்பவர்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தோளில் ஏற்றி மணிக்கணக்கில் ஆடி நடக்கும் சட்டம் அது. பாரம் தாங்கும் இடங்களில் ஒட்டு வைப்பதைவிடத் துளை போட்டு போல்ட் முடுக்குவது நல்லது. பதமும் கெடாது, அடுத்த ஆண்டு கழற்றிப் பார்க்கவும் முடியும்.

4043 ஆ, 5356 ஆ?

ஒட்டத்தான் வேண்டும் என்று முடிவான வேலைகளுக்கு வருவோம். மலேசியாவில் வெல்டிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அலுமினியக் கம்பி கேட்டால் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வார்கள். பலர் எது மலிவோ அதை வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

4043 கம்பியில் சுமார் 5 விழுக்காடு சிலிக்கன். தண்ணீர்போல் ஓடும், ஆறும்போது விரிசல் விடாது, கை பழகாதவர்களுக்கும் ஒத்துழைக்கும். 5356 கம்பியில் சுமார் 5 விழுக்காடு மெக்னீசியம். ஒட்டு பலமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். எண் அழிந்துபோன கம்பி கையில் கிடைத்தால் வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைவது 4043, விறைப்பாக நிற்பது 5356. இது பட்டறைக் கணக்கு, ஆய்வுக்கூடக் கணக்கல்ல.

எதற்கு எது? முதலில் உங்கள் கையில் இருப்பது வார்ப்பா, இழுத்ததா, தகடா என்று பாருங்கள். அச்சில் ஊற்றிய வார்ப்புக்கு மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். எழுத்தோ எண்ணோ புடைத்து நிற்கும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியும். மோட்டார் எஞ்சின் கேஸ், கியர் பெட்டி, பம்பு உடம்பு எல்லாம் இந்த வகை. இழுத்துச் செய்தது நீளம் முழுக்க ஒரே வடிவமாக இருக்கும். ஜன்னல் சட்டம், நழுவும் கதவு, ஏணிக் கால் எல்லாம் அது.

வார்ப்புக்கு 4043, அல்லது சிலிக்கன் 12 விழுக்காடு உள்ள 4047. வேறு யோசனையே வேண்டாம். ஜப்பானிய மோட்டார்களின் எஞ்சின் கேஸ்கள் பெரும்பாலும் ஏடிசி12 என்ற கலவையில் வார்த்தவை. அதிலேயே 10 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கன் இருக்கிறது. அதில் 5356 வைத்தால் கம்பியின் மெக்னீசியமும் வார்ப்பின் சிலிக்கனும் சேர்ந்து, பிஸ்கட் போல நொறுங்கும் ஒரு பொருளாகும். ஆறும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். விரிசல்தான். எஞ்சின் கேஸுக்கு 5356 ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெக்னீசியம் 3 விழுக்காட்டுக்குமேல் உள்ள ஒட்டு, 65 டிகிரிக்குமேல் நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் உள்ளுக்குள் அரித்து விரிசல் விடக்கூடும். எஞ்சினும் ரேடியேட்டரும் அந்தச் சூட்டைத் தினமும் பார்க்கின்றன.

மாறாக, படகுக்கும் தொட்டிக்கும் பயன்படும் 5083 தகட்டுக்கு 4043 ஆகாது. அதே நொறுங்கும் கதை தலைகீழாக நடக்கும். அங்கே 5356 அல்லது 5183 தான் வேண்டும். லாரி பெட்டிக்குப் பயன்படும் 5052 தகட்டுக்கு 5356 வைப்பது என் வழக்கம். ஜன்னல், கதவுச் சட்டங்களின் 6063 வகைக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பிறகு நிறம் ஏற்றும் ஆனோடைஸ் தொட்டிக்குள் அனுப்பப்போகிறீர்கள் என்றால் 5356 மட்டுமே வையுங்கள். 4043 ஒட்டு அந்தத் தொட்டியில் கறுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். வாடிக்கையாளர் வாசலில் நின்று சண்டை போடுவார். எனக்கு நடந்திருக்கிறது.

கம்பியே இல்லாமல் இரண்டு முனையையும் உருக்கிச் சேர்த்துவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். 6061, 6063 வகைகளில் அப்படிச் செய்தால் ஆறும்போது நடுவிலேயே பிளக்கும். கம்பியில் உள்ள சிலிக்கனோ மெக்னீசியமோ சேர்ந்தால்தான் பிளவு நிற்கும். 2024, 7075 போன்ற விமான வகைக் கலவைகளை எந்தக் கம்பியாலும் சாதாரண வெல்டிங்கில் நம்பி ஒட்ட முடியாது. சைக்கிள், பந்தய மோட்டார்ப் பாகங்களில் இவை வரும். பாகத்தில் எண் அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

எஞ்சின் கேஸ் ஒட்டும்போது எண்ணெய்தான் பெரிய எதிரி. பல ஆண்டு எண்ணெய் குடித்த வார்ப்பு, மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். சூடு பட்டதும் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து ஒட்டு முழுக்கக் கறுப்புக் குழிகளாகும். விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டு, விரிசலை வி வடிவத்தில் தோண்டி, மிதமாகச் சூடாக்கி எண்ணெயை வெளியேற்றி, துடைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி துடைத்து, பிறகுதான் ஒட்டவேண்டும். பாதி நாள் இதற்கே போகும். "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு காசா?" என்று கேட்பவர்கள் அந்தப் பாதி நாளைப் பார்ப்பதில்லை.

டிக் மெஷின் ஏசி மின்னோட்டம் தரக்கூடியதாக இருக்கவேண்டும். மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மேல்தோலை உடைத்துச் சுத்தம் செய்கிறது. டிசி மட்டும் உள்ள மலிவு மெஷினால் இரும்பு ஒட்டலாம், அலுமினியம் ஒட்டுவது கனவு. வாயு சுத்த ஆர்கானாக இருக்கவேண்டும். இரும்புக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை மாட்டினால் ஒட்டு கரியாகும். மின்னோட்டத்துக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 இல் தொடங்கிப் பாருங்கள்.

டிக் இல்லாதவர்களுக்கு அலுமினிய ஸ்டிக் கம்பியும் கடையில் இருக்கிறது. 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமான பொருளுக்கு, அவசரத்துக்கு, பரவாயில்லை. ஆனால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மழையில் பொட்டலம் திறந்து ஒரு வாரம் வைத்தால் கம்பி பாழ். ஒட்டியபின் படியும் கசடு உப்பு வகை. வெந்நீரும் பிரஷும் கொண்டு கழுவாமல் விட்டால் சில மாதங்களில் ஒட்டின் ஓரத்தைத் தின்றுவிடும்.

ஏர்கோன் குழாய்

பிரேசிங் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. மெல்லிய அலுமினியக் குழாய்க்கு 4047 கம்பியும் பிளக்ஸும் வழக்கமான ஜோடி. 4047 உருகுவது 577 முதல் 582 டிகிரிக்குள். குழாயின் உலோகம் உருகத் தொடங்குவது வகையைப் பொறுத்து 600, 640 டிகிரி. 6061 என்றால் 580 டிகிரி அளவிலேயே தொடங்கிவிடும். அதாவது கை நடுங்கினால் குழாய் போய்விடும். புதிதாகப் பழகுபவர்கள் பழைய குழாய்த் துண்டுகளில் ஒரு இருபது ஒட்டு போட்டுப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போங்கள். மெக்னீசியம் 2 விழுக்காட்டுக்கு மேலுள்ள அலுமினியத்தில் பிளக்ஸ் பிடிக்காது. 5000 வரிசைத் தகட்டை பிரேசிங் செய்ய மல்லுக்கட்ட வேண்டாம்.

செப்புக் குழாயும் அலுமினியக் குழாயும் சேரும் இடம் இன்னும் சிக்கல். 548 டிகிரியைத் தாண்டினால் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று கரைத்து, கண்ணாடிபோல் உடையும் கலவையாகும். அதனால் அங்கே 4047 வேண்டாம். நடுவில் பிளக்ஸ் நிரப்பிய துத்தநாகக் கம்பி சரியாக வரும். குறைந்த சூட்டில் வேலை முடிந்துவிடும். பொட்டலக் கம்பியின் சொந்தக்காரர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.

பிளக்ஸ் வாங்கும்போது, அரிக்கும் வகையா அரிக்காத வகையா என்று கேளுங்கள். குளோரைடு வகை அரிக்கும், வேலை முடிந்ததும் கழுவியே ஆகவேண்டும். புளோரைடு வகை கழுவாவிட்டாலும் அவ்வளவு தொல்லை தராது. குழாயின் உள்பக்கத்தைக் கழுவ முடியாத இடங்களில் இதைத்தான் வைக்கவேண்டும்.

குழாயில் வாயு இருக்கும்போது நெருப்பு காட்டவே கூடாது. முதலில் முறையாக வாயுவை எடுத்துவிட்டுத்தான் டார்ச். இப்போது வரும் பல ஏர்கோன்களில் ஆர்32 வாயு. அது எரியக்கூடியது. புதிய ஐஸ்பெட்டிகளில் உள்ள ஆர்600ஏ இன்னும் வேகமாக எரியும், சமையல் கேஸின் உறவுக்காரன். எரியாத பழைய வாயுக்கள்கூட நெருப்பில் பட்டால் நுரையீரலை அரிக்கும் விஷப் புகையாக மாறும்.

நெருப்பு வைக்கும் முன்

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் அசிட்டோனால் எண்ணெயைத் துடைக்கவேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் துருப்பிடிக்காத எஃகு பிரஷால் தேய்க்கவேண்டும். வரிசையை மாற்றினால் பிரஷ் எண்ணெயை உலோகத்துக்குள்ளே தேய்த்துவிடும். அந்த பிரஷை இரும்புக்குப் பயன்படுத்தாதீர்கள். அலுமினியத்துக்கென்று தனியாக ஒன்று வைத்து, பிடியில் சாயம் பூசி அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயாமல் இருக்கும்போது வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. டப்பாவில் குளோரின் சேர்ந்த பெயர் ஏதாவது இருந்தால் பட்டறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

துத்தநாகக் கம்பியைக் கருகும்வரை சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர் காய்ச்சல்போல் நடுங்கும். சன்னலைத் திறந்து, விசிறி போட்டு வேலை செய்யுங்கள். பெட்ரோல் டாங்கியை, காலியாக இருந்தாலும், வீட்டில் ஒட்டாதீர்கள். திரவம் இல்லாத டாங்கியில் ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும்.

பழைய மோட்டார்களிலும் சில இயந்திரங்களிலும் சில மூடிகள் அலுமினியமே அல்ல, மெக்னீசியம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் கொதித்தால் மெக்னீசியம், கீழே வைத்துவிடுங்கள். அலுமினியம் சும்மா இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதென்றால் அது துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் அது. பொட்டலக் கம்பி உருகும் அதே சூட்டில் அந்தப் பொருளும் உருகிவிடும்.

கடைக்குப் போகும்போது உடைந்த பாகத்தையே கையில் எடுத்துப் போங்கள். "அலுமினியக் கம்பி கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல் எண் சொல்லிக் கேளுங்கள். டிக் கம்பியின் முனையில் எண் அடித்திருக்கும், அல்லது ஒட்டுத்தாளில் இருக்கும். எண்ணே இல்லாத கம்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் என்று பருமன் உண்டு. வீட்டு வேலைக்கு 2.4 போதும். திறந்த பொட்டலத்தை மூடிபோட்ட குழாயில், அரிசிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். பழைய கம்பியை எடுக்கும்போது அதையும் அசிட்டோனால் துடைத்துவிட்டு வையுங்கள். பொருளைப் பளபளவென்று தேய்த்துவிட்டு அழுக்குக் கம்பியை அதில் உருக்குபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.